கிட்டார் வைத்திருக்கும் மதுரைக்காரர்கள் எங்களிடம் கேட்பவை

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்து ஓரமாக ஏழெட்டுப் பேர் கிட்டாரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நாங்கள்தான். ஒருவர் எலெக்ட்ரீசியன், ஒருவர் ஓய்வுபெற்ற டீச்சர், இரண்டு கல்லூரிப் பையன்கள், நான் சிம்மக்கல் பக்கம் பம்ப்செட் உதிரிபாகக் கடையில் கணக்கு எழுதுகிறேன். நடந்துபோகிறவர்கள் நின்று கேட்பார்கள், அப்புறம் தயங்கித் தயங்கி ஒரு கேள்வி கேட்பார்கள். பத்து வருடமாகக் கேட்டதையே கேட்கிறார்கள் என்பதால் பதில்களை எழுதி வைத்தேன்.

யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாமா?

வரலாம். கிட்டார் இல்லாமலும் வரலாம். ஆளுக்கு ஒரு பாட்டு, சுற்றி வரும். உங்கள் முறை வரும்போது வாசிக்க மனமில்லையென்றால், அந்தப் பாட்டு ஏன் பிடிக்கும் என்று சொன்னாலும் போதும். தை மாதம் தெப்பத் திருவிழா சமயத்தில் மட்டும் அங்கே உட்கார இடம் இருக்காது. அந்த வாரம் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி.

முதலில் எந்தப் பாட்டைக் கற்றுக்கொள்வது?

உங்களுக்கு வரி தவறாமல் பாடத் தெரிந்த பாட்டை. இதை நான் அழுத்திச் சொல்வேன். பாட்டு உள்ளே இருந்தால் விரல் எங்கே தப்புகிறது என்று காது சொல்லிவிடும். தெரியாத பாட்டை எடுத்தால் கார்ட் (பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கும் விரல் பிடி) பெயர்களை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடும்.

ஆனால் கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதில் ஏற்கெனவே ஒரு பாட்டு இருக்கும். முக்கால்வாசி அது 'இளைய நிலா பொழிகிறது'தான். 1982-ல் 'பயணங்கள் முடிவதில்லை' படத்தில் வந்தது. எஸ்.பி.பி. பாடியது. கிட்டார் வாசித்தவர் ஆர். சந்திரசேகர். நாற்பது வருடம் தாண்டியும் மதுரையில் கிட்டார் வாங்கும் ஒவ்வொரு பையனும் அதைத்தான் வாசித்துப் பார்க்கிறான். சொல்லிவிடுகிறேன், முதல் பாட்டாக அதை எடுக்காதீர்கள். கேட்க மிதந்து போகிற மாதிரி இருக்கும். வலது கைக்கு அது கடும் வேலை. கம்பிகளைச் சேர்த்து அடிக்காமல் ஒன்றொன்றாக, ஒரே வேகத்தில், எதுவும் தூக்காமல் எதுவும் விழாமல் மீட்ட வேண்டும்.

அதற்குத் தயாராக ஒரு வழி உண்டு. தடிமனான மூன்று கம்பிகளும் கட்டை விரலுக்கு. மெல்லிய மூன்றில் மூன்றாவது ஆள்காட்டி விரலுக்கு, இரண்டாவது நடு விரலுக்கு, முதலாவது மோதிர விரலுக்கு. ஏ மைனர் கார்டை மட்டும் பிடித்துக்கொண்டு, கட்டை விரல், ஆள்காட்டி, நடு, மோதிரம், நடு, ஆள்காட்டி என்று மெட்ரோனோமை நிமிடத்துக்கு அறுபது தட்டில் வைத்து ஒரு வாரம் செய்யுங்கள். சலிப்பாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது வாரம் கை தானாக ஓட ஆரம்பிக்கும்போது அந்தச் சலிப்பு எங்கே போனதென்று தெரியாது.

என்னைக் கேட்டால் 'என் இனிய பொன் நிலாவே'வில் தொடங்கலாம். 1980-ல் 'மூடுபனி'யில் வந்தது, யேசுதாஸ் குரல். படத்திலும் பிரதாப் போத்தன் கையில் கிட்டாரோடுதான் பாடுவார். வேகம் குறைவு. மூச்சு விட இடம் இருக்கிறது. கல்லூரிப் பையன்கள் 2008-ல் வந்த 'நெஞ்சுக்குள் பெய்திடும் மாமழை'யைத்தான் எடுப்பார்கள், ரயிலில் கிட்டாரோடு சூர்யா வருவாரே, அது. அதுவும் நல்ல தொடக்கம்தான். ஸ்ட்ரம் செய்தே, அதாவது கம்பிகளைச் சேர்த்து அடித்தே பாடிவிடலாம்.

ஏன் இங்கே எல்லோரும் இளையராஜா பாட்டாகவே வாசிக்கிறீர்கள்?

எல்லோரும் அப்படி இல்லை. ஆனால் நான் அப்படித்தான், காரணமும் இருக்கிறது. இன்று தேனி மாவட்டத்தில் இருக்கும் பண்ணைப்புரம் அவர் பிறந்தபோது மதுரை மாவட்டத்து ஊர். அண்ணன் பாவலர் வரதராசனோடு இந்தப் பக்கத்து ஊர் ஊராகக் கச்சேரிக்குப் போய் வளர்ந்தவர். சென்னைக்குப் போய் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். சொந்தமாகப் படம் பண்ணுவதற்கு முன்னால் சலில் சௌத்ரி போன்றவர்களின் இசைக்குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தார். கிட்டாரைக் கையில் வைத்திருந்தவர் எழுதிய கிட்டார் அது. அதனால்தான் அவர் பாட்டுகளில் கிட்டார் பாடகருக்குப் பின்னால் தாளம் போடுவதோடு நிற்காமல், பாடகரோடு பேசிக்கொண்டே வரும். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இசையைத் தனியாக எடுத்து வாசித்துப் பாருங்கள், நான் சொல்வது புரியும். பேஸ் கிட்டார் போகும் வழியை வாயால் முணுமுணுத்தாலே அது தனிப் பாட்டு மாதிரி இருக்கும்.

என் கிட்டார் விலை குறைந்தது. வாசிக்கக் கடினமாக இருக்கிறது. வேறு வாங்கிவிடலாமா?

பொறுங்கள். எனக்கு மிகப் பிடித்த கேள்வி இது. தெப்பக்குளத்துக்கு வந்து "இது சரியில்லைண்ணே" என்று சொல்லிக் கிட்டாரை நீட்டுகிறவர்களில் பெரும்பாலோரின் கிட்டார் சரியாகவே இருக்கிறது. சரிப்படுத்தாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட். ஆறு கம்பியும் ஃபிரெட்டுக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதை ஆக்‌ஷன் என்பார்கள். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஸ்டீல் கம்பி சுமார் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்தால் கைக்கு இதமாக இருக்கும். கடையிலிருந்து அப்படியே வரும் மலிவான கிட்டாரில் பல நேரம் 4 மில்லிமீட்டர் இருக்கும். அதை அழுத்திப் பழகிவிட்டு, தனக்கு விரல் பலம் போதாது என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் எத்தனையோ பேர். குறை அவர்களிடம் இல்லை.

மேல்பலகையில் கம்பிகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு பிரிட்ஜ். அதில் நிற்கும் வெள்ளைப் பட்டை இருக்கிறதல்லவா, அதுதான் சேடில். கம்பிகளைத் தளர்த்திவிட்டு அதை உருவி எடுக்கலாம். அதன் அடிப்பக்கத்தைத் தேய்த்தால் கம்பி இறங்கும். கணக்கு எளிது. பன்னிரண்டாவது ஃபிரெட் கம்பியின் சரி பாதியில் இருக்கிறது. ஆகவே அங்கே 1 மில்லிமீட்டர் இறங்க, சேடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும்.

என் முதல் கிட்டாருக்கு நான் இதைச் செய்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. சமையலறையில் ஒட்டாமல் மிச்சமிருந்த ஒரு தரை டைல்ஸ், அதன்மேல் உப்புத்தாள். சேடிலின் அடியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, நிமிர்த்திப் பிடித்தபடி முன்னும் பின்னும் இழுத்தேன். வெள்ளைத் தூள் விரலில் அப்பிக்கொண்டது. பத்துத் தேய்ப்புக்கு ஒருமுறை எடுத்து டைல்ஸில் நிற்கவைத்து ஆட்டிப் பார்ப்பேன், ஆடினால் அடி சமமாக இல்லை என்று அர்த்தம். கோட்டைத் தொட்டதும் நிறுத்தித் திருப்பிப் போட்டுக் கம்பியை ஏற்றினேன். சி மேஜர் பிடித்தேன். மூன்று வருடமாக என் கையில் இருந்த அதே கிட்டார், அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தானாக முன்வந்து ஒலித்தது போலிருந்தது.

ஒன்று கவனம். தேய்த்ததை ஒட்டவைக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். கழுத்து முன்பக்கம் வளைந்திருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருகாதீர்கள். பயமாக இருந்தால் கொண்டுவாருங்கள், சேர்ந்து செய்வோம்.

விரல் நுனி எரிகிறது. எத்தனை நாளைக்கு?

தினமும் இருபது நிமிடம் வாசித்தால் மூன்று நான்கு வாரத்தில் தோல் கெட்டிப்படும். வாரம் ஒருநாள் மூன்று மணி நேரம் வாசித்தால் ஒருபோதும் கெட்டிப்படாது. ஸ்டீல் கம்பியில் 12 என்ற தடிமனிலிருந்து மெல்லிய 10-க்கு மாற்றினால் கொஞ்சம் இலகு. நைலான் கம்பி வேண்டுமென்றால் அதற்கென்று செய்த கிட்டாரில்தான் போட வேண்டும்.

புதிதாக வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்குவது?

எந்தப் பிராண்ட் என்பதைப் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன். எங்களில் ஒருவர் கொல்கத்தாவில் செய்த கிவ்ஸன் வைத்திருக்கிறார், இரண்டு பேரிடம் யமஹா இருக்கிறது. எல்லாமே நன்றாக ஒலிக்கிறது. கடைக்கே நேரில் போய் மூன்று காரியம் செய்யுங்கள். ஒன்று, கிட்டாரின் தலைப் பக்கமிருந்து கண்ணை வைத்துக் கழுத்தை நீளமாகப் பாருங்கள், முறுக்கு இருந்தால் தெரியும். இரண்டு, பன்னிரண்டாவது ஃபிரெட்டில் கம்பியைத் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி போல ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தியும் மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். மூன்று, பிரிட்ஜுக்கு அடியில் ஒரு பஸ் டிக்கெட்டைச் செருகிப் பாருங்கள். உள்ளே போனால் அந்தக் கிட்டாரை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

மதுரை வெயிலுக்குக் கிட்டார் தாங்குமா?

தாங்கும், நாம் கவனித்தால். சித்திரை, வைகாசியில் இங்கே சில நாள் 40 டிகிரியைத் தாண்டும். காற்றில் ஈரமே இருக்காது. மரம் தன்னிடமிருந்த ஈரத்தை விட்டுச் சுருங்கும். மேல்பலகை கொஞ்சம் உள்வாங்கும், கம்பி கீழே இறங்கி ஃபிரெட்டில் இரைச்சலாக உரசும். ஃபிரெட்டின் முனை கழுத்தோரத்தில் விரலைக் கீறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர்மாறு. பலகை ஊதி, கம்பி உயரும். கிட்டாருக்கு இதமான ஈரப்பதம் 45-லிருந்து 55 சதவீதம்.

நாங்கள் செய்வது இது. ஒரு பழைய சோப்புப் பெட்டியில் சூடான ஊசியால் பத்துப் பதினைந்து ஓட்டை போடுங்கள். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழிந்து உள்ளே வைத்து மூடி, கிட்டார் பையில் தலைப் பக்கமாகப் போட்டுப் பையை ஜிப் போட்டு மூடுங்கள். வெயில் காலத்தில் இரண்டு நாளைக்கு ஒருமுறை நனைக்க வேண்டும். மழைக் காலத்தில் அந்த இடத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலம்.

காரில் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு வைகாசி மத்தியானம் அழகர்கோவில் போய்விட்டு வந்தபோது என் கிட்டார் பின்சீட்டில் இருந்தது. வெயிலில் நிற்கும் காருக்குள் 60 டிகிரிக்கு மேல் ஏறிவிடும், மரப்பசை இளகிவிடும். ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ பாரத்தில் இழுத்துக்கொண்டிருக்கும் பிரிட்ஜ் எப்படி நிற்கும்? பையைத் திறந்தபோது பிரிட்ஜின் பின்விளிம்பு ஒரு நகக்கண் அளவுக்குத் தூக்கியிருந்தது. நல்லவேளை, முழுதாகப் பிய்வதற்கு முன்னால் கம்பியைத் தளர்த்திவிட்டேன். கைதேர்ந்த ஒருவர் அதைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசை போட்டுக் கிளாம்ப் மாட்டி ஒரு நாள் முழுக்க வைத்திருந்து கொடுத்தார். உடனே ஒட்டும் பசையை ஊற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள், அடுத்து பழுது பார்ப்பவருக்கு இரட்டை வேலை.

பாடுபவரும் கிட்டாரும் சேரவே இல்லை. கட்டை என்கிறார்கள், கார்ட் என்கிறோம்.

நம் ஊர்ப் பாடகர்கள் சுருதியைக் கட்டையில்தான் சொல்வார்கள். ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டை முழு எண், கறுப்புக் கட்டை அரை. ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் அரை கிடையாது. இது மனதில் பதிந்துவிட்டால் பாதிச் சண்டை தீர்ந்தது.

எங்கள் டீச்சரம்மா ஐந்தரைக் கட்டையில் பாடுவார். முதல் ஃபிரெட்டில் கேப்போ (ஆறு கம்பியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டி, ஜி மேஜரில் வாசிக்கிற மாதிரியே வாசித்தால் வேலை முடிந்தது. ஒன்றரைக் கட்டை ஆண் குரலுக்குச் சி வடிவங்கள், முதல் ஃபிரெட்டில் கேப்போ. இரண்டு கட்டைக்கு அதே சி வடிவங்கள், இரண்டாவது ஃபிரெட்டில். கேப்போவை ஃபிரெட்டின் முதுகோடு ஒட்டி மாட்டுங்கள், மாட்டியபின் சுருதியை ஒருமுறை சரிபாருங்கள். பாடுகிறவரைக் கிட்டாருக்குத் தோதாகப் பாடச் சொல்லவே கூடாது. குரலுக்குக் கேப்போ கிடையாது.

ராகம் கிட்டாரில் வருமா?

வரும். எலெக்ட்ரிக் கிட்டாரில் சுகுமார் பிரசாத் முழுக் கச்சேரி செய்தவர். அவருக்குப் பின் ஆர். பிரசன்னா. மேண்டலினை யூ. ஸ்ரீநிவாஸ் எங்கே கொண்டுபோய் நிறுத்தினார் என்று நமக்குத் தெரியும்.

நம் போன்றவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன், எனக்குக் கிட்டாரை வேறு கண்ணால் பார்க்கவைத்தது. மெல்லியதிலிருந்து எண்ணி இரண்டாவது கம்பி, பி கம்பி. அதில் 1, 3, 5, 8, 10, 13 என்ற ஃபிரெட்களை மட்டும் வாசியுங்கள். சி-யை சட்ஜமாக வைத்தால் அது மோகனம். மத்திமம் இல்லை, நிஷாதம் இல்லை. ஒரே கம்பியில் மேலும் கீழும் போவதால் வீணை மாதிரி ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிப் போகலாம்.

இப்போது சுருதிப் பெட்டியை மூன்று கட்டைக்கு, அதாவது ஈ-க்கு மாற்றுங்கள். விரல் அதே இடங்களில்தான். ஐந்தாவது ஃபிரெட்டைச் சட்ஜமாக நினைத்துக்கொண்டு வாசியுங்கள். ஹிந்தோளம் எழும்! டி-யைச் சட்ஜமாக்கினால் மத்தியமாவதி, ஜி-யை ஆக்கினால் சுத்த சாவேரி, ஏ-யை ஆக்கினால் சுத்த தன்யாசி. ஐந்தே இடம், ஐந்து ராகம். கிரக பேதம் என்று புத்தகத்தில் படித்ததை விரலால் கேட்ட ராத்திரி நான் பன்னிரண்டு மணிவரை தூங்கவில்லை. ராக் வாசிக்கும் பையன்கள் மைனர் பெண்டடானிக் என்று முதல் மாதத்திலேயே கற்கிறார்களே, அது சுத்த தன்யாசியின் சுரங்கள்தான். அவர்களிடம் சொன்னால் முகம் மலர்ந்துவிடும்.

கமகம் வேறு விஷயம். சுரத்தை மட்டும் தொட்டால் ராகம் ஆகாது. கம்பியை ஃபிரெட்டின்மேல் பக்கவாட்டில் இழுத்து அசைக்க வேண்டும். வீணையிலும் அப்படித்தான் இழுக்கிறார்கள். 12 கம்பியில் விரல் வலிக்கும், 10 கம்பி இழுக்க வளைந்துகொடுக்கும்.

எஃப் கார்ட் வரவே மாட்டேன் என்கிறது.

தடிமனான இரண்டு கம்பியை விட்டுவிடுங்கள். மீதி நான்கு கம்பியில், ஆள்காட்டி விரல் முதல் ஃபிரெட்டில் மெல்லிய இரண்டு கம்பியை மட்டும் படுத்து அழுத்தினால் போதும். ஆறு கம்பியையும் அழுத்தும் முழு எஃப் அப்புறம் வரட்டும்.

அறுபது வயதை நெருங்குகிறேன். இனிமேல் கற்கலாமா?

டீச்சரம்மா ஐம்பத்தெட்டில் தொடங்கினார். முதல் நாள் எதிரே உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையனிடம், "தம்பி, இந்த விரல் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது" என்றார். அவன், "டீச்சர், நீங்க எத்தனை பிள்ளைகளை மேய்ச்சிருக்கீங்க, அஞ்சு விரலா கேக்காது" என்றான். இரண்டு வருடம் ஆகிறது. இப்போது தானே வாசித்துத் தானே பாடுகிறார். மூட்டு வலி இருப்பவர்கள் நைலான் கம்பிக் கிட்டார் எடுங்கள், பாதி இழுவிசைதான்.

ராத்திரி வாசித்தால் பக்கத்து வீட்டில் கேட்கிறது.

மாசி வீதிகளில் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். பிரிட்ஜுக்கு முன்னால் கம்பிகளுக்கு அடியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைச் செருகுங்கள். சத்தம் கால்வாசியாகும். விரல் பயிற்சிக்கு அதுவே தாராளம்.

பஸ்ஸில் கிட்டார் கொண்டுபோக முடியுமா?

முடியும். கடைசி சீட்டு, கால்களுக்கு நடுவில் நிமிர்த்தி. தலைக்கு மேல் சாமான் வைக்கும் கம்பியில் போடாதீர்கள். லக்கேஜ் டிக்கெட் கேட்டால் வாங்கிவிடுங்கள்.

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு பழைய கிட்டார் கிடக்கிறது. உபயோகமாகுமா?

எலெக்ட்ரீசியன் அண்ணனிடம் இருப்பது அப்படிக் கிடந்ததுதான். அவர் அப்பா சர்ச்சில் பாடற்குழுவோடு வாசித்த கிட்டார். அப்பா போன பிறகு பதினோரு வருடம் பரணில் இருந்தது. எங்களிடம் கொண்டுவந்தபோது கம்பியெல்லாம் செந்துரு, உள்ளே குளவிக் கூடு, சுருதி சேர்க்கும் சாவிகளில் இரண்டு சுற்றவில்லை. சுற்றாத சாவிகளுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் போட்டோம். மென்மையான துணியால் துடைக்கத் துடைக்க, மேல்பலகையில் துளைக்குக் கீழே ஒரு இடத்தில் வார்னிஷ் தேய்ந்து மரம் வெளுத்திருந்தது தெரிந்தது. அப்பாவின் சுண்டுவிரல் ஊன்றிய இடம். அண்ணன் தன் விரலை அங்கே வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை.

இன்றும் அந்தக் கிட்டாரில் ஐந்தாவது ஃபிரெட்டுக்கு மேல் சுருதி சற்று விலகும். அதனால் அவர் கீழேயே வாசிக்கிறார். எங்கள் கூட்டத்தில் இருக்கும் எல்லாக் கிட்டாரிலும் அதன் ஒலிதான் எனக்குப் பிடிக்கும்.

ஆகவே உங்களுடையதையும் கொண்டுவாருங்கள். வருவதற்கு முன்னால் பழைய கம்பியை மட்டும் மெதுவாகத் தளர்த்திவிடுங்கள், அறுந்தால் கண்ணில் பட்டுவிடும். புதுக் கம்பி ஒரு செட் என் பையில் எப்போதும் இருக்கும்.